போலி ஹார்மோன்களும் கர்ப்பப்பைத் தசையும்: வாசகர் கேள்வி – பதில்

பிளாஸ்டிக், பூச்சிமருந்து, வாசனைப் பொருட்கள் வழியாக உடலுக்குள் போய் ஹார்மோன் போல நடிக்கும் ரசாயனங்கள் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கர்ப்பப்பை பற்றியே கேட்டிருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கர்ப்பப்பை என்றால் கரு தங்கும் உள்சவ்வுதான் முக்கியம் என்று நினைத்திருந்தேன். ரசாயனங்கள் அதன் தசையைத் தொடும் என்று எழுதியிருந்தீர்கள். தசைக்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்?
– இல்லத்தரசி, ஈரோடு

கர்ப்பப்பைச் சுவரின் பெரும்பகுதி தசைதான். மயோமெட்ரியம் என்பது அதன் பெயர். கை, கால் தசை போல நம் விருப்பத்துக்கு அது அசையாது. ஆனால் சும்மாவும் இருக்காது. கருமுட்டை வெளிவரும் நாட்களில் அதன் அலை கீழிருந்து மேலாக ஓடும். மாதவிடாயின்போது மேலிருந்து கீழாக ஓடும். கர்ப்ப காலத்தில் மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்துவிட்டு, பிரசவத்தன்று முழு பலத்தோடு இறுகும்.

எந்தத் தசையும் இறுகுவதற்குக் கால்சியம் வேண்டும். கர்ப்பப்பைத் தசைச் செல்லின் சவ்வில் உள்ள கால்சியம் வாய்க்கால்கள் திறந்தால், உள்ளே பாயும் கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, இழுக்கும் புரதமான மயோசினைத் தூண்டுகிறது, செல் சுருங்குகிறது. பிரசவ வலியைத் தூண்டும் ஹார்மோனான ஆக்சிடோசின் வந்து தன் ஏற்பியில் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) உட்கார்ந்தால், செல்லுக்குள் சேமிப்பில் இருக்கும் கால்சியமும் வெளியே வரும். ஆனால் ஒரு செல் தனியாகச் சுருங்கிப் பயனில்லை. தேர் வடத்தை ஆளுக்கொரு நேரம் இழுத்தால் தேர் நகருமா? எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் இழுக்க, பக்கத்துப் பக்கத்துச் செல்களை இணைக்கும் நுண்துளைகள் இருக்கின்றன. கனெக்ஸின்–43 என்ற புரதத்தால் ஆனவை அவை.

ஹார்மோன் நுழையும் இடம் இதுதான். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கனெக்ஸினையும் ஆக்சிடோசின் ஏற்பியையும் பெருக்கும். கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் இரண்டையும் அடக்கி வைக்கும். பேறுகாலம் நெருங்கும்போது புரோஜெஸ்டிரோனின் பிடி தளர்கிறது. மனிதரில் ரத்தத்தில் அதன் அளவு குறைவதில்லை; தசை அதற்குச் செவிசாய்ப்பதுதான் குறைகிறது.

ஆகவே ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் பொருள் ஒன்று வந்தால் தசை எப்போதும் அதிகமாக இறுகும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆய்வகத்தில் கிடைத்த முடிவுகள் அப்படி இல்லை. டிடிடி பூச்சிமருந்தின் ஒரு வடிவமும், மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி கலவைகளில் சிலவும் எலியின் கர்ப்பப்பைத் துண்டைக் கூடுதலாகச் சுருங்க வைத்தன. லிண்டேன் என்ற பூச்சிமருந்து நேர்மாறு. செல்களுக்கு இடையிலான துளைகளை அடைத்து, தானாக எழும் அலையை நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் நடந்த வேலை இது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்ஃபினால்–ஏ (இனி பிபிஏ) எலியின் கர்ப்பப்பைச் சுருக்கத்தைக் குறைத்தது என்று வாராணசி பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் எழுதினார்கள். அதுவும் ஈஸ்ட்ரோஜன் வழியில் அல்ல, ரத்தக்குழாயைத் தளர்த்தும் அதே நைட்ரிக் ஆக்சைடு வழியில்.

காரணம், இந்தப் பொருட்கள் ஒரே கதவைத் தட்டுவதில்லை. செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுவை இயக்கும் ஏற்பியில் ஒட்டினால் விளைவு தெரிய மணிக்கணக்கு ஆகும். சவ்வில் இருக்கும் ஏற்பியையோ கால்சியம் வாய்க்காலையோ தொட்டால் நிமிடத்தில் தெரியும். உட்கருவில் உள்ள ஏற்பியில் பிபிஏ-வின் பிடிப்பு, உடலின் சொந்த ஈஸ்ட்ரோஜனைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பலவீனமானது. அதை வைத்தே "ஒன்றும் செய்யாது" என்று முன்பு வாதாடினார்கள். மற்றக் கதவுகளைக் கணக்கில் எடுத்தால் அந்த வாதம் போதாது.

எம்.ஃபார்ம் மாணவி. எலியின் கர்ப்பப்பைத் துண்டில் பிபிஏ-வைச் சோதிக்க நினைக்கிறேன். நூலில் சொன்னபடி முந்தின நாள் ஸ்டில்பெஸ்ட்ரால் ஊசி போட்டு, டி ஜலோன் கரைசலில் 32 டிகிரியில் வைத்தேன். ஆக்சிடோசினுக்கு நன்றாகச் சுருங்குகிறது. பிபிஏ-வுக்கு எந்த மாற்றமும் இல்லை. எங்கே பிசகு?
– மதுரை

பிசகு உங்கள் கையில் இல்லை, தேர்ந்தெடுத்த முறையில். நீங்கள் எடுத்திருப்பது ஆக்சிடோசினை அளப்பதற்கான முறை. அந்த வேலைக்குத் தசை தானாகத் துடிக்கக் கூடாது; மருந்து விட்டால் மட்டும் சுருங்க வேண்டும். அதனால்தான் டி ஜலோன் கரைசலில் கால்சியம் குறைவு. லிட்டருக்கு சோடியம் குளோரைடு 9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.42, சோடியம் பைகார்பனேட் 0.5, குளுக்கோஸ் 0.5 கிராம் போடுகிற இடத்தில் கால்சியம் குளோரைடு வெறும் 0.06 கிராம். வெப்பத்தையும் 37-க்குப் பதில் 32-இல் நிறுத்துவது அதே காரணத்துக்காக. தானாக எழும் அலையை பிபிஏ குறைக்கிறதா என்று பார்க்க வந்தவர், அந்த அலையையே முதலில் அடக்கிவிட்டால் எதைப் பார்ப்பது? கால்சியம் குறைக்காத கிரெப்ஸ் கரைசலில், 37 டிகிரியில், 95 பங்கு ஆக்சிஜன், 5 பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு விட்டுச் செய்யுங்கள். ஒரு கிராம் இழுவிசை கொடுத்து, 10–15 நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றி, குறைந்தது 45 நிமிடம் விடுங்கள். அலையின் உயரமும் இடைவெளியும் ஒரே சீராக வந்த பிறகுதான் பிபிஏ.

இரண்டாவது, அந்த ஸ்டில்பெஸ்ட்ரால் ஊசி. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று 24 மணி நேரம் முன்பு போடுவது எல்லா எலிகளின் தசையையும் ஒரே ஈஸ்ட்ரோஜன் நிலைக்குக் கொண்டுவரத்தான். ஆனால் ஸ்டில்பெஸ்ட்ராலே ஒரு ஈஸ்ட்ரோஜன் போலி, அதுவும் மிக வலிமையானது. அது ஏற்கெனவே ஏற்பிகளை நிரப்பி வைத்திருக்கும் தசையில், பலவீனமான இன்னொரு போலிக்கு வேலை இருக்காது. ஊசியை விடுங்கள். யோனித் திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்து, ஈஸ்ட்ரஸ் (சினைப்பருவ) நிலையில் உள்ள எலிகளைப் பிரித்தெடுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் குறுக்கு வழி கிடையாது.

மூன்றாவது, கரைப்பான். பிபிஏ தண்ணீரில் சரியாகக் கரையாது, எத்தனாலில் கரைத்திருப்பீர்கள். எத்தனாலே கர்ப்பப்பைத் தசையைத் தளர்த்தும். 1960, 70-களில் குறைமாத வலியை நிறுத்த அதை ரத்தக்குழாயில் ஏற்றியே சிகிச்சை செய்தார்கள்! கரைசலில் அதன் அளவு 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எத்தனால் மட்டும் விட்ட துண்டு ஒன்றை ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஓட்டியே ஆகவேண்டும்.

நான்காவதைப் பலர் மறக்கிறார்கள். கரைசலை வைக்கும் பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும். 1993-இல் ஸ்டான்ஃபோர்டில் ஈஸ்ட் செல்கள் ஈஸ்ட்ரோஜன் சுரக்கின்றன என்று தேடிப்போனவர்கள், அது உண்மையில் ஆட்டோகிளேவில் (கிருமி நீக்கும் நீராவிக் கலத்தில்) வைத்த பாலிகார்பனேட் குடுவையில் இருந்து கசிந்த பிபிஏ என்று கண்டார்கள். அதற்கு 2 ஆண்டு முன்பு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்பகப் புற்றுச் செல்கள் காரணமில்லாமல் பெருகியதற்கு, சோதனைக் குழாயின் பிளாஸ்டிக்கில் இருந்த நோனைல்ஃபினால் காரணமானது.

ஆய்வேட்டில் எழுதும்போது ஒன்றை மறைக்காதீர்கள். கரைசலில் மைக்ரோமோலார் அளவில் விடுகிறோம். மனித ரத்தத்தில் அளக்கப்படுவது நானோமோலார் அளவிலும் அதற்குக் கீழும். இடையில் ஆயிரம் மடங்கு. துண்டில் அலை குறைந்தது என்பதால் பெண்களுக்குப் பிரசவ வலி குறையும் என்று முடிவுரையில் எழுதினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

ஏழாம் மாதம் நடக்கிறது. அடிக்கடி வயிறு கல் மாதிரி இறுகுகிறது. வீட்டில் 20 லிட்டர் கேன் தண்ணீர்தான். கேன் பிளாஸ்டிக்கால் இப்படி ஆகுமா?
– வாசகி, சேலம்

முதலில் இறுக்கத்தைப் பார்ப்போம், பிறகு கேனுக்கு வருவோம். இந்த மாதத்தில் ஒழுங்கில்லாமல் வந்து, படுத்தாலோ தண்ணீர் குடித்தாலோ போய்விடும் இறுக்கம் பொய் வலி. ஒரு மணி நேரத்தில் ஆறு முறையோ அதற்கு மேலோ இறுகினால், இடுப்பின் பின்பக்கம் விட்டுவிட்டு வலித்தால், நீர் கசிந்தால், ரத்தம் பட்டால், காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரவானால் 108. சீக்கிரம் போவதில் ஒரு கணக்கு இருக்கிறது. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி முழுப் பலன் தர ஒரு நாள் வேண்டும். வலி முற்றிய பிறகு போனால் அந்த ஒரு நாள் கிடைக்காது. சிறுநீர்த் தொற்றும் உடலில் நீர் குறைவதும் கர்ப்பப்பையை இறுக்கும் சாதாரணக் காரணங்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேன் விஷயம். அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று இருந்து, கண்ணாடி போலக் கெட்டியாக, நீலச் சாயலோடு இருந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட். அதில் பிபிஏ உண்டு. 1 என்றிருந்தால் பெட் (PET) பிளாஸ்டிக். அதில் பிபிஏ இல்லை. அதன் முழுப் பெயரில் 'டெரிஃப்தாலேட்' வருவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் ஃப்தாலேட் வேறு, இது வேறு. பாலிகார்பனேட்டில் அறை வெப்பத் தண்ணீர் இருந்தால் கசிவு மிகக் குறைவு. கொதிநீர் ஊற்றினால் கசியும் வேகம் 15 முதல் 55 மடங்கு ஏறியதை அமெரிக்காவில் சின்சினாட்டியில் அளந்தார்கள். எனவே காய்ச்சிய தண்ணீரைக் கேனில் திரும்ப ஊற்றாதீர்கள். மொட்டைமாடியிலும் வண்டியிலும் வெயிலில் நின்ற கேன், உள்ளே கீறல் விழுந்து மங்கிய கேன் வந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். வந்ததும் எவர்சில்வர் குடத்துக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. உங்கள் வயிறு இறுகுவதற்குக் கேன்தான் காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

குறைமாதப் பிரசவத்தோடு மனிதரில் ஓரளவு உறுதியாகத் தொடர்பு தெரிவது ஃப்தாலேட்டுக்குத்தான். அமெரிக்காவில் நடந்த 16 ஆய்வுகளைச் சேர்த்து, சுமார் 6,000 கர்ப்பிணிகளின் தகவலை 2022-இல் அலசினார்கள். சிறுநீரில் சில ஃப்தாலேட் கழிவுகள் கூடுதலாக இருந்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவ வாய்ப்பு 12 முதல் 16 சதவீதம் அதிகம். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நேர்வது பதினொன்று, பதினொன்றரை ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சிறிய ஏற்றம். ஊருக்கே கணக்கிட்டால் சிறியதல்ல. ஃப்தாலேட் இருக்கக்கூடிய ரூம் ஸ்பிரே, நெடி அடிக்கும் செண்ட், நகப்பூச்சு மூன்றையும் பிரசவம் வரை நிறுத்தலாம். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயையும் நெய்யையும் மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் வைக்காதீர்கள். ஃப்தாலேட் கொழுப்பில் கரையும். ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றும் குழாயிலும் ஃப்தாலேட் இருக்கிறதே என்று அதை மறுக்க மட்டும் வேண்டாம்.

"டி.இ.எஸ். மகள்கள்" என்று படித்தேன். எனக்கும் கரு தங்க புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் மாத்திரை வேறு, அது வேறு. புரோஜெஸ்டிரோன் உடலே சுரக்கும் ஹார்மோன். பயந்து நடுவில் நிறுத்தாதீர்கள்.

டி.இ.எஸ். என்பது மேலே மதுரை மாணவிக்குச் சொன்ன அதே ஸ்டில்பெஸ்ட்ரால்தான். லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு 1938-இல் உருவாக்கியது. (பிபிஏ-வையும் ஈஸ்ட்ரோஜனாக முதலில் சோதித்தவர் அவரே, 1936-இல்.) கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி 1940-களில் இருந்து அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். பயனில்லை என்று சிகாகோ ஆய்வு 1953-லேயே காட்டிவிட்டது. இருந்தும் கொடுப்பது நிற்கவில்லை. 1971-இல் பாஸ்டனில் இளம் பெண்களுக்கு அரிதான யோனிப் புற்று வந்ததன் காரணம், அவர்களின் தாய்மார் சாப்பிட்ட டி.இ.எஸ். என்று தெரிந்த பிறகே நிறுத்தினார்கள். பதினெட்டு வருடம்! மாடு கொழுக்கத் தீவனத்தில் கலப்பதை நிறுத்த 1979 வரை ஆனது.

நம் கேள்விக்கு வேண்டியது, புற்று வராத மகள்களின் கதை. கருவில் கர்ப்பப்பை உருவாகும் வாரங்களில் எந்த இடம் எந்தப் பகுதியாக ஆகவேண்டும் என்று சொல்லும் மரபணுக்களை டி.இ.எஸ். குழப்பியது. பலருக்குக் கர்ப்பப்பை பேரிக்காய் வடிவத்தில் அமையாமல், ஆங்கில 'டி' எழுத்துப் போலக் குறுகியது. நடுவில் தசை வளையமாக இறுகி நின்றது. அவர்கள் கர்ப்பமானபோது 100-க்கு 53 பேருக்குக் குறைமாதப் பிரசவம். டி.இ.எஸ். படாதவர்களில் 18 பேருக்கு. இரண்டாம் மும்மாதத்தில் கரு கலைந்தது 16 பேருக்கு. டி.இ.எஸ். படாதவர்களில் இரண்டு பேருக்கும் குறைவு. 2011-இல் வெளியான கணக்கு இது. தாயின் உடலில் இருந்து மருந்து போய் இருபது, முப்பது ஆண்டு கழித்து மகளின் தசையில் விளைவு. ஹார்மோன் போலிகளைப் பற்றி ஆய்வாளர்கள் கவலைப்படுவது முக்கியமாக இதற்காகத்தான். இன்றைக்கு வயிறு இழுப்பதற்காக அல்ல.

கர்ப்பப்பையில் 4 செ.மீ. ஃபைப்ராய்டு. பிளாஸ்டிக்கை விட்டால் கரையுமா?
– ஆசிரியை, திருநெல்வேலி

கரையாது. ஃபைப்ராய்டு என்பது இதே தசைச் செல் ஒன்று கட்டுமீறிப் பெருகிய கட்டி. பெரும்பாலானவற்றில் மெட்–12 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். வயது, குடும்ப வழி, உடல் பருமன் எல்லாம் சேர்கின்றன. டி.இ.எச்.பி. என்ற ஃப்தாலேட்டின் கழிவு, ஃபைப்ராய்டு செல்கள் சாகாமல் இருக்க உதவுகிறது என்று 2022-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் காட்டியது. கட்டி வரும் மரபணுக் குறையோடு பிறந்த எலிகளுக்குக் குட்டிப் பருவத்தில் டி.இ.எஸ். கொடுத்தபோது, கட்டி வந்த எலிகள் 65 சதவீதத்தில் இருந்து 90-க்கு மேல் போயின. வருவதற்கு உரம் போடுகிறது என்று சொல்லலாம். ரசாயனத்தை விலக்கினால் வந்த கட்டி போகும் என்று சொல்ல முடியாது. உதிரப்போக்கு அதிகமா, ஹீமோகுளோபின் எவ்வளவு, கட்டி உள்ளறையை நோக்கி வளர்ந்திருக்கிறதா என்ற மூன்றையும் வைத்துத்தான் சிகிச்சை. 4 செ.மீ. என்ற எண்ணை மட்டும் வைத்து யாராவது உடனே கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரையும் பாருங்கள்.

பசு கன்று ஈன முடியாமல் நிற்கிறது. தீவனத்தில் பூச்சிமருந்து இருந்தால் கர்ப்பப்பை வலுவிழக்குமா?
– பால் உற்பத்தியாளர், நாமக்கல்

ஆகக்கூடிய காரியம்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1940-களில் ஒருவகைக் குளோவர் புல் மேய்ந்த செம்மறிகள் சினை பிடிக்காமல் போயின. சில ஈனும்போது கர்ப்பப்பை வலுவில்லாமல் தவித்தன. புல்லில் இருந்த தாவர ஈஸ்ட்ரோஜன் காரணம். ஆனால் உங்கள் மாட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது கால்சியம். மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, பால் அதிகம் தரும் பசுவில் ஈனும் நேரத்தில் ரத்தக் கால்சியம் சரிந்தால் தசை இழுக்காது. காது சில்லிட்டு, நடை தள்ளாடினால் சந்தேகமே வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்சியம் போரோகுளுக்கோனேட்டை அவர் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்; வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். கருப்பை வாய் திறக்காமல், கன்று எப்படிக் கிடக்கிறது என்று பார்க்காமல் ஆக்சிடோசின் போட்டால் கர்ப்பப்பை கிழியும். பால் இறக்க வைத்திருக்கும் ஊசியை அதற்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள் (பால் இறக்க அதைப் போடுவதே தவறு).

ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். நாளெல்லாம் பில் காகிதம் கையில். குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்.
– வாசகி, சென்னை

காகிதத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் வெப்பக் காகிதம். அதன் பூச்சில் பிபிஏ அல்லது அதன் தம்பி பிபிஎஸ் பொடியாக இருக்கும். பிளாஸ்டிக்கில் போலப் பிணைந்து இருக்காது, கையில் ஒட்டும். 'பிபிஏ இல்லை' என்று அச்சிட்ட சுருளில் பெரும்பாலும் பிபிஎஸ் இருக்கும். பெரிய வித்தியாசம் இல்லை. சானிடைசரோ கிரீமோ தடவிய ஈரக் கையால் பில்லைத் தொடாதீர்கள். அப்போது தோல் வழியாகப் பிபிஏ பல மடங்கு உள்ளே போவதை மிசௌரி பல்கலைக்கழகம் 2014-இல் அளந்தது. டீ, வடைக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நைட்ரைல் கையுறை கிடைத்தால் நல்லது. சுருள் மாற்றும்போது அச்சுப் பொறியில் சேரும் தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பிபிஏ பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும் என்பதால், இந்தப் பழக்கத்தின் பலன் அதே வாரத்தில் கிடைக்கும்.

சிறுநீரில் பிபிஏ அளந்து, 'டீடாக்ஸ்' பவுடர் தருகிறார்கள். வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், கோவை

வேண்டாம். காலையில் ஒரு எண், மாலையில் வேறொரு எண் வரும். டிடிடி போலக் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவதையும் அந்தப் பவுடர் வெளியேற்றாது.